விலக்குப் படிவம் வாங்கும் முன்

கேள்வி: நாங்கள் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரை அடுத்த நோவையில் வசிக்கிறோம். எங்கள் மகன் 2020-இல், ஊரடங்குக் காலத்தில், கும்பகோணத்துக்கு அருகில் என் தாய் வீட்டில் பிறந்தான். முதல் இரண்டு ஆண்டுகளுக்கான தடுப்பூசிகள் எல்லாம் அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் தவறாமல் போடப்பட்டன. இப்போது கிண்டர்கார்டனில் சேர்க்கப் போனால், அவற்றில் பல கணக்கில் வராது என்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர், விலக்குப் படிவம் கொடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்றார். ஆனால் நாமாகக் கையெழுத்திட்டுக் கொடுக்க முடியாதாம். கவுண்டி சுகாதாரத் துறைக்கு நேரில் போய், செவிலியர் தரும் விளக்கத்தைக் கேட்ட பிறகே படிவம் கிடைக்குமாம். "இருவரும் முதுகலை படித்தவர்கள், நமக்கு வகுப்பா? இது மறைமுகக் கட்டாயம்" என்று என் கணவர் கோபப்படுகிறார். தட்டம்மைத் தடுப்பூசியில் பன்றியிலிருந்து எடுத்த பொருள் கலந்திருப்பதாக மாமியார் கேள்விப்பட்டிருக்கிறார், நாங்கள் சைவம். போட்ட ஊசியையே மறுபடி போட்டால் குழந்தைக்குக் கெடுதி இல்லையா? அரசு இப்படி வகுப்பு வைப்பது சரிதானா? நாங்கள் என்ன செய்வது?

– நோவையிலிருந்து ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு வெவ்வேறு சிக்கல்கள் பின்னிக் கிடக்கின்றன. தடுப்பூசியை ஏற்க மனமில்லாத பெற்றோரிடம் அரசு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது ஒன்று. இந்தியாவில் முறையாகப் போடப்பட்ட ஊசிகள் மிச்சிகனின் கணக்கில் ஏன் முழுமையாக ஏறவில்லை என்பது மற்றொன்று. உங்கள் குடும்பத்துக்கு இருப்பது இரண்டாவது சிக்கல் மட்டுமே. தெரிந்தவர் காட்டிய வழியோ முதலாவதற்கு உரியது. எனவே உங்கள் மகனுக்கு விலக்கு தேவையில்லை, விடுபட்ட ஊசிகளே தேவை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆயினும் உங்கள் கணவர் எழுப்பும் கேள்வி மழுப்பிவிட்டுப் போகத் தக்கதன்று. அதனால் அந்த விதி எங்கிருந்து வந்தது, என்ன சாதித்தது, எதைச் சாதிக்கவில்லை என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் பள்ளியில் சேர எந்தெந்தத் தடுப்பூசிகள் வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் மாநிலங்களுடையது. மத்திய அரசின் நிறுவனங்கள் அட்டவணை வெளியிட்டுப் பரிந்துரைக்கலாமே தவிர, ஒரு குழந்தையைப் பள்ளி வாசலில் நிறுத்த அவற்றால் முடியாது. பெரியம்மைத் தடுப்பூசி போட்டுக்கொள்ள மறுத்து 5 டாலர் அபராதம் விதிக்கப்பட்ட ஜேக்கப்சன் என்ற பாதிரியாரின் வழக்கில், 1905-இல், மாநிலத்துக்கு அந்த அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பள்ளிச் சேர்க்கைக்குத் தடுப்பூசியை நிபந்தனையாக வைக்கலாம் என்பதை, டெக்சஸின் சான் அன்டோனியோ நகரிலிருந்து சென்ற வழக்கு ஒன்றில் 1922-இல் அதே நீதிமன்றம் உறுதி செய்தது. மருத்துவக் காரணத்துக்கான விலக்கு எல்லா மாநிலங்களிலும் உண்டு. அதற்கு அப்பால் மதம், மனச்சான்று, சொந்தக் கருத்து ஆகியவற்றின் பேரில் விலக்குத் தருவதா, தந்தால் எவ்வளவு எளிதாகத் தருவது என்பதில்தான் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு. மிச்சிகனின் 1978-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் மூன்று வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது: மருத்துவர் சான்றளிக்கும் விலக்கு, மத நம்பிக்கையின் பேரிலான விலக்கு, "வேறு ஆட்சேபணை" என்ற பெயரில் எந்தக் காரணத்துக்கும் இடம் தரும் விலக்கு.

2014 வரை, பின்னிரண்டு வகை விலக்குகளையும் பள்ளி அலுவலகத்திலேயே ஒரு கையெழுத்தில் பெற்றுவிடலாம். இதில் பள்ளிக்கும் ஒரு வசதி இருந்தது. புதிதாகச் சேரும் மாணவர்களில் நவம்பர் 1-க்குள் 90 விழுக்காட்டினரும், பிப்ரவரி 1-க்குள் 95 விழுக்காட்டினரும் தடுப்பூசி விதியை நிறைவு செய்திருக்க வேண்டும். தவறினால் அந்தப் பள்ளி மாவட்டத்துக்கு வரும் மாநில உதவித் தொகையில் 5 விழுக்காடு நிறுத்திவைக்கப்படலாம். விலக்குப் படிவம் கொடுத்த குழந்தையும் விதியை நிறைவு செய்த குழந்தையாகவே எண்ணப்படும். ஆகவே, பதிவு அட்டையைத் தேடி எடுக்க நேரமில்லாத பெற்றோரிடம் பள்ளி எழுத்தர் ஒரு படிவத்தை நீட்டுவதும், அவர் அதில் கையெழுத்திடுவதும் இருவருக்குமே வேலையை முடித்துத் தந்தன. தடுப்பூசியின் மேல் யாதொரு வெறுப்பும் இல்லாத எத்தனையோ பெற்றோர், மறுப்பாளர்களின் கணக்கில் இப்படித்தான் சேர்ந்தார்கள். 2013-14 கல்வியாண்டில் மிச்சிகனின் கிண்டர்கார்டன் குழந்தைகளில் 5.9 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு தடுப்பூசிக்கு விலக்குப் பெற்றிருந்தனர். அன்று நாட்டின் மிக உயர்ந்த விகிதங்களில் அதுவும் ஒன்று.

இந்தப் பின்னணியில்தான் 2015 ஜனவரி 1 முதல் விதி மாறியது. விலக்குப் பெறும் உரிமையை மாநிலம் தொடவில்லை. ஆனால் மருத்துவம் சாராத விலக்கு வேண்டுவோர், தம் கவுண்டியின் சுகாதாரத் துறையில், தடுப்பூசியின் பயனையும் அதைத் தவிர்ப்பதன் ஆபத்தையும் பற்றிய விளக்கத்தைக் கேட்க வேண்டும். அதன்பின் அத்துறை சான்றளித்த, மாநில அரசின் படிவத்தைத்தான் பள்ளி ஏற்க வேண்டும் என்றானது. முதல் ஆண்டிலேயே விலக்குகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. இந்த எண்ணைப் பார்த்த பலர், அறிவு புகட்டினால் மக்கள் மாறுவார்கள் என்பதற்கு இதுவே சான்று என்று மகிழ்ந்தார்கள்.

நான் அவ்வளவு எளிதாக மகிழ மாட்டேன். அடுத்த சில ஆண்டுகளில் விலக்குகள் மீண்டும் ஏறி, 2018 வாக்கில் பழைய அளவை நெருங்கிவிட்டன. விளக்க அமர்வுகளை நடத்திய செவிலியரிடம் பேசிய ஆய்வாளர்கள், அமர்வுக்கு வந்த பெற்றோரில் மனம் மாறிச் சென்றவர்கள் மிகச் சிலரே என்பதைக் கண்டார்கள். இது வியப்புக்கு உரியதும் அன்று. 2014-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் ஆய்விதழில் வெளியான ஓர் ஆய்வில், 1,700-க்கும் மேற்பட்ட பெற்றோருக்கு, தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா ஆகிய மூன்றுக்குமான எம்.எம்.ஆர். தடுப்பூசி பற்றி நான்கு விதமாகத் தகவல் தந்து பார்த்தார்கள். நான்கில் எதுவும் தடுப்பூசி போடும் எண்ணத்தைக் கூட்டவில்லை. ஆட்டிசத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று விளக்கியபோது, அந்தத் தவறான நம்பிக்கை குறைந்தது உண்மைதான். ஆனால் ஏற்கெனவே மிகுந்த ஐயத்தோடு இருந்த பெற்றோரிடம் தடுப்பூசி போடும் எண்ணமும் சேர்ந்தே குறைந்தது. ஒரு வாதம் முறிந்தால் மனம் வேறொரு வாதத்தைப் பற்றிக்கொள்கிறது என்பதைச் சிகிச்சை அறையில் அன்றாடம் பார்க்கும் எங்களுக்கு அந்த முடிவு புதிதாகத் தோன்றவில்லை.

அப்படியானால் 2015-இல் குறைந்தது எப்படி? தொலைபேசியில் நேரம் குறித்து, வேலையில் விடுப்புச் சொல்லி, கவுண்டி அலுவலகத்துக்கு வண்டி ஓட்டிப் போய் உட்கார வேண்டும் என்றதும், அலட்சியத்தால் விலக்குக் கேட்டவர்கள் அட்டையைத் தேடி எடுத்து ஊசியையே போட்டுவிட்டார்கள் என்பதே என் கணிப்பு. அதாவது, விதியில் வேலை செய்தது பாடத்தைக் காட்டிலும் பாடத்துக்குப் போக வேண்டிய அலைச்சல். உறுதியாக மறுப்பவர்கள் போய் உட்கார்ந்து, கேட்டு, கையெழுத்து வாங்கி வந்தார்கள். அவர்களின் எண்ணிக்கை கூடக்கூட மொத்தமும் மறுபடி ஏறியது. உங்கள் கணவர் இதை "மறைமுகக் கட்டாயம்" என்கிறார். "மறைமுகச் சுமை" என்று சொன்னால் நான் மறுக்க மாட்டேன். கட்டாயம் என்பதை ஏற்க மாட்டேன்.

உண்மையான கட்டாயத்தைப் பார்க்க வேண்டுமானால் கலிபோர்னியாவைப் பாருங்கள். அங்கும் முதலில், 2014 முதல், மருத்துவப் பணியாளரிடம் விளக்கம் பெற்றதற்கான கையெழுத்தோடுதான் விலக்கு என்ற விதி வந்தது. அந்த ஆண்டின் இறுதியில் டிஸ்னிலேண்ட் பூங்காவில் தொடங்கிய தட்டம்மைப் பரவல் பொறுமையைத் தீர்த்துவிட்டது. 2015-இல் நிறைவேறிய சட்டம் மத, சொந்தக் கருத்து விலக்குகள் இரண்டையும் அடியோடு நீக்கியது. அதன்பின் மருத்துவ விலக்குகள் ஐயத்துக்கு இடமான வேகத்தில் பெருகவே, அவற்றையும் கண்காணிக்க 2019-இல் இன்னொரு சட்டம் வேண்டியதாயிற்று. நியூயார்க், மெய்ன், கனெக்டிகட் ஆகிய மாநிலங்களும் 2019-க்கும் 2021-க்கும் இடையில் மருத்துவம் சாராத விலக்குகளை நீக்கச் சட்டம் இயற்றின. வாஷிங்டன் மாநிலமோ 2011-இல் மருத்துவப் பணியாளரின் கையெழுத்தைக் கட்டாயமாக்கி விலக்குகளை வெகுவாகக் குறைத்தது. 2019-இல் கிளார்க் கவுண்டியில் 71 பேருக்குத் தட்டம்மை பரவிய பிறகு, எம்.எம்.ஆர். தடுப்பூசிக்கு மட்டும் சொந்தக் கருத்து விலக்கு கிடையாது என்று சட்டம் இயற்றியது. இந்த வரிசையில் மிச்சிகனின் ஏற்பாடு நடுவில் நிற்கிறது: மறுக்கும் உரிமை முழுதாக இருக்கிறது; மறுப்பவர் அரை மணி நேரம் உட்கார்ந்து ஒரு செவிலியரின் பேச்சைக் கேட்க வேண்டும். அதையும் நீக்கிவிட வேண்டும் என்று மாநிலத் தலைநகரான லான்சிங்கில் சட்டமன்றத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை மசோதாக்கள் வந்து, நிறைவேறாமல் போயின.

இந்த நடுநிலை சரியென்றே ஒரு குழந்தை மருத்துவனாக நினைக்கிறேன், ஒரு குறையைத் தவிர. மாதச் சம்பளக்காரர் ஒருவர் அரை நாள் விடுப்பெடுப்பதும், மணிக்கணக்கில் கூலி பெறுபவர் அரை நாள் வேலையை இழப்பதும் ஒன்றல்ல. அலைச்சலால் வேலை செய்யும் எந்த விதியும் இரண்டாமவர் மேல்தான் அதிகம் அழுத்தும். அந்தச் சுமை அளவோடு இருக்க வேண்டுமானால், சுகாதாரத் துறை அலுவலகம் ஊசி போடும் நேரத்தையும் மாலை வரை நீட்டித்து வைக்க வேண்டும்.

மறுப்பவரைக் கேள்வி கேட்க அரசுக்கு என்ன உரிமை என்பதற்கு விடை தட்டம்மையின் இயல்பில் இருக்கிறது. தட்டம்மை கண்ட ஒருவர் இருமிவிட்டுப் போன அறையின் காற்றில் அந்த வைரஸ் இரண்டு மணி நேரம் வரை உயிரோடு இருக்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாத 10 பேர் அவருக்கு அருகில் இருந்தால் 9 பேருக்குத் தொற்றிவிடும். அதனால்தான், தட்டம்மை என்று சந்தேகித்த குழந்தையைப் பார்த்து அனுப்பிய அறையை, கதவை மூடி இரண்டு மணி நேரம் காலியாக விட்டுவைக்கிறோம். அடுத்த முன்பதிவில் வருவது நான்கு மாதக் குழந்தையாக இருக்கலாம், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் சிறுமியாக இருக்கலாம். இருவருக்கும் அந்தத் தடுப்பூசியைப் போட வழியில்லை. இவ்வளவு வேகமாகப் பரவும் நோயைச் சமூகத்தில் அடக்கி வைக்க ஏறத்தாழ 95 விழுக்காட்டினருக்கு எதிர்ப்புச் சக்தி தேவை. 2024-25-இல் அமெரிக்கக் கிண்டர்கார்டன் குழந்தைகளில் இரண்டு தவணை எம்.எம்.ஆர். பெற்றவர்கள் 92.5 விழுக்காடு, ஏதேனும் ஒரு விலக்குப் பெற்றவர்கள் 3.6 விழுக்காடு. நாடு தழுவிய சராசரி பெரிய அச்சம் தராது. விலக்குப் பெற்றவர்கள் ஒரே பள்ளியில், ஒரே வட்டாரத்தில் சேர்ந்து வாழ்வதுதான் அச்சம் தருவது. 2025-இல் டெக்சஸின் கெய்ன்ஸ் கவுண்டியை மையமாகக் கொண்டு பரவிய தட்டம்மை 760-க்கும் மேற்பட்டோரைத் தாக்கி, தடுப்பூசி போடாத இரண்டு பள்ளிக் குழந்தைகளின் உயிரைக் கொண்டுபோனது. உங்கள் ஓக்லண்ட் கவுண்டியிலேயே 2019-இல், நியூயார்க்கிலிருந்து வந்த ஒரே பயணியிடமிருந்து சுமார் 40 பேருக்குத் தட்டம்மை பரவியது.

இனி அந்த அமர்வில் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "வகுப்பு" என்று கேட்டுவிட்டு உங்கள் கணவர் கற்பனை செய்வது வேறொன்றாக இருக்கக்கூடும். கரும்பலகையும் தேர்வும் இல்லை. ஒரு செவிலியர், எந்தத் தடுப்பூசியை, என்ன காரணத்துக்காகத் தவிர்க்க நினைக்கிறீர்கள் என்று கேட்பார். அந்த நோய், அந்த ஊசி, அதன் பக்க விளைவுகள் ஆகியவை பற்றிப் பேசுவார்; தகவல் தாள்களைக் கையில் தருவார். உங்கள் கேள்விகளுக்கு விடை சொல்வார். அதன்பிறகும் வேண்டாம் என்றால் சான்றளித்த படிவத்தைத் தந்துவிடுவார். உங்கள் மனத்தை மாற்றுவது அவருக்கு நிபந்தனையாக வைக்கப்படவில்லை. படித்தவர்களுக்கு எதற்கு இது என்ற கேள்விக்கும் விடை இங்கேயே இருக்கிறது. பட்டப் படிப்பு எதில் இருந்தாலும், எம்.எம்.ஆர். போட்ட 7 முதல் 12 நாட்களுக்குள் காய்ச்சல் வரலாம் என்பதும், சிறு குழந்தைகளில் 3,000 முதல் 4,000 தவணைக்கு ஒன்று என்ற அளவில் காய்ச்சல் வலிப்பு வரலாம் என்பதும், தட்டம்மை வந்த 1,000 குழந்தைகளில் ஒருவருக்கு மூளை அழற்சி ஏற்படும் என்பதும் அந்தப் படிப்பின் பாடத்தில் வருவதில்லை. நான் பார்த்த வரையில், தடுப்பூசி பற்றி மிகச் சரளமாகத் தவறான தகவல் சொல்பவர்களில் நன்கு படித்தவர்கள் குறைவில்லை.

இப்போது உங்கள் மகனின் அட்டைக்கு வருவோம். தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையம் போட்ட எந்த ஊசியும் வீண் அல்ல. அந்த வயதில், அந்த ஊரில் அவனுக்கு வேண்டிய பாதுகாப்பை அவை தந்தன. இரு நாடுகளின் நோய்ச் சூழலும் அட்டவணையும் வேறு என்பதே பிரச்சினை.

இந்தியாவின் தேசியத் திட்டத்தில் தட்டம்மை-ருபெல்லா ஊசி 9 மாதத்தில் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று. நோய் அதிகம் உலவும் இடத்தில் 9 மாதத்தில் போடுவதே அறிவு. ஆனால் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் அந்த வயதில் இன்னும் மிச்சமிருக்கலாம் என்பதால், முதல் பிறந்தநாளுக்கு முன் போட்ட தவணையை அமெரிக்காவில் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டாவது தவணை செல்லும். ஆனால் அதில் பொன்னுக்கு வீங்கிக்கு எதிரான பகுதி இல்லை, மிச்சிகனோ மூன்றுக்கும் சேர்த்து இரண்டு தவணை கேட்கிறது. எனவே 28 நாள் இடைவெளியில் இரண்டு எம்.எம்.ஆர். போட்டுவிடுவதே நேர்வழி. சின்னம்மைத் தடுப்பூசி இந்திய அரசுத் திட்டத்தில் இல்லை. அதிலும் இரண்டு தவணை வேண்டும்.

போலியோவில்தான் பெற்றோர் மிகவும் மனம் நொந்து போகிறார்கள், ஏனெனில் அட்டையில் அதிக முத்திரைகள் அதற்குத்தான் இருக்கும். 2016 ஏப்ரலிலிருந்து உலகெங்கும் சொட்டு மருந்திலிருந்து இரண்டாம் வகை வைரஸை நீக்கிவிட்டார்கள். அதன்பின் கொடுத்த சொட்டு மருந்து, மூன்று வகைகளுக்கும் பாதுகாப்புக் கேட்கும் அமெரிக்கக் கணக்கில் ஏறாது. அத்துடன் கை மேல்பகுதியில் தோலுக்குள் போட்ட ஊசி, முழு அளவில் ஐந்தில் ஒரு பங்கு. இந்தியாவில் அது ஏற்கப்பட்ட முறை என்றாலும் இங்கு எண்ணப்படுவதில்லை. ஆகவே போலியோ ஊசியை முதலிலிருந்து தொடங்க வேண்டும்: நான்கு வயதுக்குப் பிறகு மூன்றாவது தவணை வருமானால், மூன்றே போதும். ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசி மூன்றும், ஒன்றரை வயதில் தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி ஆகியவற்றுக்காகப் போட்ட டி.பி.டி. ஊக்கத் தவணையும் செல்லும். நான்கு வயதுக்கு மேல் ஒன்று மட்டும் பாக்கி. மஞ்சள் காமாலை-பி தடுப்பூசியின் கடைசித் தவணை 24 வாரம் நிறைந்த பிறகு இருக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. அவனுக்குக் கடைசியாகப் போட்டது 14 வாரத்தில் என்பதால் இன்னும் ஒன்று வேண்டியிருக்கும்.

எல்லாவற்றையும் கூட்டினால் ஒன்பது தவணை. ஒழுங்காகத் திட்டமிட்டால், ஏழெட்டு மாதத்தில் மூன்று முறை மருத்துவமனைக்குப் போய் முடித்துவிடலாம். அதுவரை பள்ளியில் சேர்க்க மாட்டார்களோ என்று அஞ்ச வேண்டாம். முதல் தவணைகளைப் போட்டுக்கொண்டு, அடுத்ததற்கான இடைவெளிக்காகக் காத்திருக்கும் குழந்தையைத் தற்காலிக நிலையில் சேர்த்துக்கொள்ள விதியிலேயே இடமுண்டு. ஒரே நாளில் ஐந்து ஊசி வேண்டாம் என்று நீங்கள் நினைத்தால் பிரித்துப் போடலாம், ஆனால் எம்.எம்.ஆர்., சின்னம்மை ஆகிய இரண்டும் உயிருள்ள வைரஸைக் கொண்டவை என்பதால், ஒரே நாளில் போட வேண்டும், அல்லது 28 நாள் இடைவெளி விட வேண்டும்.

மறுபடி போடுவதால் கெடுதி இல்லையா என்று கேட்டிருந்தீர்கள். தட்டம்மைக்கு ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி உள்ள உடலில் இன்னொரு தவணை போனால், உள்ளே இருக்கும் எதிர்ப்பொருள் அந்த வலுவிழந்த வைரஸை உடனே அடக்கிவிடும், அவ்வளவுதான். ரண ஜன்னிக்கான பகுதி மட்டும் அளவுக்கு மீறினால் ஊசி போட்ட கை கடுமையாக வீங்கக்கூடும். அதனால்தான் அந்த ஊசியில் பழைய தவணைகளைக் கவனமாக எண்ணி, வேண்டியதை மட்டும் போடுகிறோம். சின்னம்மைக்கும் தட்டம்மைக்கும் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருப்பதைப் பரிசோதித்துச் சான்று தர வழியுண்டு. ஆனால் உங்கள் மகனுக்குச் சின்னம்மை வந்ததில்லையென்றால், அந்த ஊசிக்குப் பதிலாக ரத்தம் எடுக்க ஒரு குத்து என்பதைத் தவிர அதில் ஆதாயம் இல்லை.

மாமியாரின் ஐயத்தைத் தயவுசெய்து தட்டிக்கழிக்காதீர்கள், ஏனெனில் அவர் கேள்விப்பட்டதில் உண்மை இருக்கிறது. இங்கு நெடுங்காலமாகப் போடப்படும் எம்.எம்.ஆர்.-II தடுப்பூசியிலும், சின்னம்மைக்கான வேரிவேக்ஸ் தடுப்பூசியிலும், மருந்து கெடாமல் நிலைநிறுத்துவதற்காகப் பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டின் சேர்க்கப்படுகிறது. 2022-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிரியோரிக்ஸ் என்ற எம்.எம்.ஆர். தடுப்பூசியில் ஜெலட்டின் இல்லை. எல்லா மருத்துவமனைகளிலும் இருப்பில் வைத்திருக்க மாட்டார்கள் என்பதால் முன்கூட்டியே கேட்டு வரவழையுங்கள். முற்றிலும் விலங்குப் பொருள் கலவாதது என்று அதையும் சொல்ல முடியாது. மாட்டின் சீரத்திலிருந்து வரும் புரதத்தின் மிகச் சிறு மிச்சம் இருக்கலாம். உங்கள் மகனுக்கு வேண்டிய போலியோ, மஞ்சள் காமாலை-பி தடுப்பூசிகளில் ஜெலட்டின் கிடையாது. சின்னம்மைக்கு மட்டும் அமெரிக்காவில் இப்போது மாற்று இல்லை. உண்பதற்கும் மருந்தாக ஏற்பதற்கும் வேறுபாடு உண்டு என்று சைவக் குடும்பங்கள் பல மனத்தைத் தேற்றிக்கொள்கின்றன. மாத்திரைகளின் கூடுகளில் பலவும் ஜெலட்டினால் ஆனவை என்பதை நினைவூட்டினால் மாமியாருக்கும் யோசிக்க ஏதுவாகும். அதற்கு மேல் வற்புறுத்த எனக்கு உரிமையில்லை.

அப்படியும் அவர் மனமும் உங்கள் மனமும் ஒப்பவில்லையென்றால், சின்னம்மைக்கு மட்டும் விலக்குக் கேளுங்கள். படிவத்தில் ஒவ்வொரு தடுப்பூசியையும் தனித்தனியே குறிக்க இடமுண்டு. ஒன்றில் ஆட்சேபணை இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் தள்ளிவிடுவதுதான் நான் காணும் பெரிய விபரீதம். காரணம் உண்மையில் மதம் சார்ந்ததாக இருந்தால் அப்படியே சொல்லுங்கள். இல்லையென்றால் "வேறு ஆட்சேபணை" என்பதற்கு மிச்சிகனில் இடமிருக்கும்போது, பொய்யாக மதத்தைத் துணைக்கு அழைக்கத் தேவையில்லை. அந்த அமர்வுக்குப் போகும்போது கணவரையும் அழைத்துச் செல்லுங்கள். கேள்வி கேட்கத் தெரிந்த ஒருவர், பதில் சொல்லப் பயிற்சி பெற்ற ஒருவரோடு அரை மணி நேரம் பேசுவதில் அவருக்கு இழப்பு எதுவுமில்லை.

தட்டம்மைக்கு விலக்கு வாங்குவதைப் பற்றி யோசித்தால், ஒரு கணக்கையும் அவரிடம் காட்டுங்கள். பள்ளியில் ஒருவருக்குத் தட்டம்மை வந்தால், அவரோடு தொடர்பிலிருந்த, எதிர்ப்புச் சக்திக்குச் சான்றில்லாத குழந்தையை 21 நாள் வரை பள்ளிக்கு வரவிடாமல் நிறுத்திவைக்கச் சுகாதாரத் துறைக்கு அதிகாரம் உண்டு. விலக்குப் படிவம் அதிலிருந்து காப்பாற்றாது. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் மூன்று வாரம் யார் விடுப்பெடுப்பது? கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும் நம் குழந்தைகளுக்கு இந்த ஆபத்து அக்கம்பக்கத்துக் குழந்தைகளைவிடக் கூடுதல், ஏனெனில் இந்தியாவில் தட்டம்மை இன்னும் உலவுகிறது. விமானப் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பாவது இரண்டாம் தவணை முடிந்திருக்க வேண்டும்.

அடுத்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று. அட்டையின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து, மகனின் மருத்துவருக்கு அனுப்பி, எம்.சி.ஐ.ஆர். என்ற மாநிலத் தடுப்பூசிப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். அனுப்பும் முன், ஒவ்வொரு தேதியையும் மாதத்தின் பெயரோடு தனித் தாளில் எழுதி இணையுங்கள். 05/03/2021 என்று நம் ஊர் செவிலியர் எழுதினால் அது மார்ச் 5. இங்குள்ள எழுத்தர் அதை மே 3 என்று பதிவார், 17/12 என்பதைப் பார்த்துக் குழம்பிப் பதியாமலே விட்டுவிடுவார். செல்லத் தக்க தவணைகள்கூட இப்படித் தொலைந்து போவதுண்டு. ஏற்றி முடித்ததும் பதிவேட்டின் அச்சுப்படியை வாங்கி அட்டையோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். விடுபட்டவை எத்தனை என்பது அதன்பிறகே உறுதியாகும். எண்ணிக்கை நான் மேலே சொன்னதைவிடக் குறையவும் கூடும்.